வாரம் ஒரு முறை எடுக்கும் எலும்பு மாத்திரை: எப்படி விழுங்குவது?

கேள்வி: எனக்கு வயது 64. தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை) இருப்பது தெரிந்து, அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரையை வாரம் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். காலையில் தேநீருடன் அதையும் கால்சியம் மாத்திரையையும் விழுங்கிவிட்டுச் சற்று படுத்துக்கொள்வேன். மூன்றாவது மாத்திரைக்குப் பிறகு நெஞ்செரிச்சல் தொடங்கியதால் போன வாரம் எடுக்கவில்லை. விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடலாமா? தாடை எலும்பு அழுகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இரண்டாகப் போடவே கூடாது. மறதியால் ஒரு வாரம் விட்டுப்போனால், நினைவு வந்ததற்கு மறுநாள் காலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிறகு வழக்கமான கிழமைக்குத் திரும்பிவிடலாம். நீங்கள் நிறுத்தியதோ நெஞ்செரிச்சலால். எனவே அடுத்த மாத்திரைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பிஸ்பாஸ்போனேட் வகையைச் சேர்ந்த இம்மருந்து, எலும்பை அரித்தெடுக்கும் செல்களின் வேகத்தைக் குறைத்து, முதுகெலும்பு, இடுப்பு முறிவுகளுக்கான வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் எடுத்தாலும் இதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. காப்பியோ பழச்சாறோ சேர்ந்தால் அந்தச் சொற்ப அளவும் பாதிக்கும் கீழாகக் குறைகிறது. கால்சியம் குடலிலேயே மருந்தைப் பிணைத்துக்கொள்வதால், இரண்டையும் சேர்த்து விழுங்கிய உங்களுக்கு மூன்று வாரங்களும் ஏறக்குறைய வீணாகியிருக்கும்.

நெஞ்செரிச்சலுக்கும் இதே பழக்கம் காரணமாக இருந்திருக்கலாம். மாத்திரை உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டாலோ, படுக்கும்போது வயிற்றிலிருந்து மேலேறினாலோ, அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். ஆகவே காலை எழுந்ததும், வேறு எதுவும் வாயில் படுவதற்கு முன், மாத்திரையைக் கடிக்காமலும் சப்பாமலும் ஒரு முழு டம்ளர், அதாவது ஏறக்குறைய 200 மில்லி சாதாரணத் தண்ணீருடன் விழுங்குங்கள். கால்சியம் மிகுந்த மினரல் வாட்டர் வேண்டாம். பிறகு குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்தோ நடந்தோ இருங்கள். அது கழிந்து ஏதாவது சாப்பிடும் வரை படுக்கக் கூடாது. மாதம் ஒரு முறை எடுக்கும் இபான்ட்ரோனேட் என்றால் இந்த அரை மணி ஒரு மணியாகிறது. கால்சியம், இரும்புச்சத்து, அமில முறிவு மருந்துகளை மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளி வைத்துவிடுவது நல்லது. அவற்றை நிறுத்திவிடக் கூடாது: கால்சியமும் வைட்டமின் டியும் குறைவாக உள்ள உடலில் இம்மருந்து இரத்தக் கால்சியத்தை மேலும் இறக்கிவிடும்.

விழுங்கும்போது வலி, உணவு தடைபடுவது போன்ற உணர்வு, நெஞ்சு நடுவில் வலி இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். உணவுக்குழாய் சுருங்கியவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க இயலாதவர்கள், சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்கள் இம்மாத்திரையை எடுக்கக் கூடாது. முறையாக எடுத்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால், சிறுநீரகம் இடம்கொடுத்தால், ஆண்டுக்கு ஒரு முறை நரம்பு வழியாகச் செலுத்தும் சோலிட்ரோனிக் அமிலம் இருக்கிறது. பிடிக்காத மாத்திரையோடு மல்லாட வேண்டியதில்லை.

தாடையைப் பற்றிய அச்சம் முழுப் பொய்யல்ல, ஆனால் மிகைப்படுத்தப்பட்டது. எலும்புப்புரைக்கான அளவில் எடுப்பவர்களில் இது ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கு அல்லது அதைவிடக் குறைவாகவே வருகிறது. புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசியாகப் பெறுபவர்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. பல் பிடுங்கும் தேவை இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் இம்மருந்தைச் சொல்லுங்கள். நீண்ட காலம் எடுப்பவர்கள் தொடையிலோ கவட்டியிலோ காரணமில்லாத வலி தோன்றினால் அலட்சியப்படுத்தக் கூடாது. அபூர்வமான தொடை எலும்பு முறிவுக்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம்.

பலன் உடலில் எதையும் உணர்த்தாது. வலி குறையவில்லையே என்று பலர் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்து எடுக்கும் ஸ்கேனில்தான் மாற்றம் தெரியும். ஏறக்குறைய 5 ஆண்டுகள் முடிந்ததும், முறிவு அபாயம் குறைவாக உள்ளவர்களுக்குச் சில காலம் நிறுத்தி வைப்பதுண்டு, ஏனெனில் எலும்பில் படிந்த மருந்து அதன் பிறகும் ஓரளவு வேலை செய்கிறது. ஏற்கெனவே மணிக்கட்டு முறிந்த உங்களுக்கு அந்த இடைவெளி பொருந்துமா என்பதை அன்றைய ஸ்கேனையும் வயதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.