ஈரல் சிரோசிஸ் நோயாளியின் வயிற்று நீரில் தொற்று: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்கள்

கேள்வி (ஹட்டன்): டொக்டர், சிரோசிஸ் எனும் ஈரல் இறுகும் நோய் உள்ள என் அப்பாவுக்கு வயிற்றில் நீர் கட்டியிருக்கிறது. நேற்றிலிருந்து பகலில் தூங்குகிறார், பேச்சு தடுமாறுகிறது. காய்ச்சலோ வலியோ இல்லை. அடுத்த கிளினிக் வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம் மகள், இன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வயிற்று நீரில் கிருமி பற்றிய பலருக்குக் காய்ச்சலும் வலியும் தோன்றுவதேயில்லை. புத்தித் தடுமாற்றம், சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை திடீரெனக் கூடுதல் ஆகியவற்றில் ஒன்று மட்டுமே வெளியே தெரியலாம். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவே நேரமாகும் என்பதால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள்; அச்சேவைக்குக் கட்டணமில்லை.

கேள்வி (பண்டாரவளை): ஊசி குத்தி நீர் எடுத்தால் மாமா மேலும் பலவீனமாவார், இரத்தமும் நிற்காது என்று உறவினர்கள் தடுக்கின்றனர்.

பதில்: இந்தப் பயத்தினாலேயே சிகிச்சை தாமதமாவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பரிசோதனைக்கு எடுப்பது சில மில்லிலீற்றர் நீர் மட்டுமே. அதனால் உடல் தளராது. சிரோசிஸ் நோயாளிகளுக்கு இரத்தம் உறைவது மந்தமாக இருந்தாலும், இதனால் பெரிய இரத்தப்போக்கு ஏற்படுவது மிக அரிது. எடுத்த நீரின் ஒரு கன மில்லிமீற்றரில் நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் அச்சோதனையில் பல வேளைகளில் எதுவுமே வளராது. வயிற்றில் நீருடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் எவருக்கும், வந்த காரணம் வேறாயினும், 12 மணித்தியாலத்துக்குள் இந்த நீர்ப் பரிசோதனை செய்யப்படுவது நல்லது. நீங்களே கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

கேள்வி (தலவாக்கலை): வயிற்றில் காயமே இல்லாதபோது கிருமி எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பாலும் குடலிலிருந்துதான். ஈரல் இறுகியதால் குடலிலிருந்து வரும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏற, குடற்சுவரின் காப்புக் குறைந்து, ஈ. கோலை போன்ற கிருமிகள் கசிந்து, புரதம் குறைந்து எதிர்ப்பாற்றலற்றுக் கிடக்கும் அந்நீரைச் சென்றடைகின்றன.

கேள்வி (பதுளை): அன்டிபயோட்டிக் ஏற்றும்போது அல்புமின் எனும் இரத்தப் புரதமும் எதற்கு?

பதில்: சிறுநீரகங்களைக் காக்க. இத்தொற்றில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சிறுநீரகச் செயலிழப்பே. 1999இல் வெளியான ஸ்பானிய ஆய்வில், செஃபோடாக்சிம் எனும் அன்டிபயோட்டிக் மட்டும் பெற்றவர்களுள் வைத்தியசாலையில் 29 சதவீதத்தினர் இறந்தனர். அல்புமினும் பெற்றவர்களுள் அது 10 சதவீதம். முதல் நாள் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம் என்பது அங்கு பின்பற்றப்பட்ட அளவு.

கேள்வி (நுவரெலியா): குணமாகி வீடு திரும்பிய பின் என்ன கவனம் தேவை?

பதில்: மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே தடுப்புக்காக எழுதித் தரும் நோர்ஃபுளொக்சசின் அல்லது சிப்ரோஃபுளொக்சசின் மாத்திரையைச் சுகமாக இருக்கிறதென்று தாமாக நிறுத்தக்கூடாது. கசிப்பு உட்பட எல்லா மதுவையும் முற்றாக விடவேண்டும். மலையேறி இறங்கும் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளும் உண்மையில் தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு உகந்தவரா என்பதையும் அதே கிளினிக்கில் விசாரியுங்கள்.