பெட்டி பிரிக்காத கிளாஸ்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் தளத்தில் வரும் கடிதங்களை இரண்டு வருஷமாகப் படித்துவருகிறேன். எல்லோரும் புத்தகங்களைப் பற்றிக் கேட்கும் இடத்தில் நான் இதைக் கேட்பது சரியா என்று தெரியவில்லை. எனக்கு 66 வயது. கம்பெனி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். சின்ன வயதிலிருந்து காற்பந்துப் பித்து. ஆட்டம் பார்த்தோம், வீட்டுக்கு வந்தோம் என்று இருக்க மாட்டேன். காற்பந்துப் பெயரைச் சொல்லி யார் எதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன். மைதான வாசலில் கொடுத்த கொடிகள், காற்றடைத்துத் தட்டும் பிளாஸ்டிக் குச்சிகள், பேப்பரோடு வந்த போஸ்டர்கள், சாவி வளையங்கள், டிக்கெட் துண்டுகள், உட்லண்ட்ஸ் வெலிங்டன் குழுவின் கழுத்துத் துண்டு இரண்டு. ஓர் உலகக் கிண்ணத்தின்போது பெட்ரோல் நிலையத்தில் கொடுத்த கண்ணாடி கிளாஸ் ஆறு இருக்கிறது. டேங்க் பாதி காலியாகும் முன்பே போய்ப் போய் நிரப்பி வாங்கியது. இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. 1994ல் ஆட்டம் பார்க்க மலேசியாவின் ஷா ஆலம் போனபோது தலையில் போட்டிருந்த காகிதத் தொப்பியும் உண்டு. அது மட்டும் கிழிந்துவிட்டது.

இப்போது நாலறை வீட்டை விற்றுவிட்டு ஈரறை வீட்டுக்குப் போகிறோம். அங்கே இத்தனை பெட்டிக்கு இடமில்லை. “கம்பெனிக்காரன் விளம்பரத்தை முப்பது வருஷமாக வாடகை வாங்காமல் வைத்திருக்கிறீர்கள்” என்கிறாள் மனைவி. மகன், போட்டோ எடுத்துக்கொண்டு பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் போடச் சொல்கிறான். என்னிடம் கையெழுத்துப் போட்ட சட்டை எதுவும் கிடையாது. எல்லாம் விளம்பரச் சாமான்தான். இதன்மேல் பாசம் வைத்தது முட்டாள்தனமா? எதை வைத்துக்கொள்ள, எதை விட? கழுத்துத் துண்டில் ஒன்றை உங்களுக்கு அனுப்பட்டுமா?

கே.,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள கே. அண்ணனுக்கு,

அண்ணி சொல்வதில் தப்பில்லை. விளம்பரம்தான். ஆனால் விளம்பரம் ஒட்டியதெல்லாம் வேண்டாம் என்று ஆரம்பித்தால், நாம் பார்த்த காற்பந்தில் பாதியைக் கழித்துவிட வேண்டியதுதான். 1998 செப்டம்பர் 5 உங்களுக்கு மறந்திருக்காது. ஹனோயில் தென்கிழக்காசிய நாடுகளின் இறுதியாட்டம். நமக்கு எதிரே, சொந்த ஊர் ரசிகர்களுக்கு முன்னால் வியட்நாம். நம் சிங்கப்பூர் ஆட்டக்காரர் சசிகுமாரின் முதுகில் பட்ட பந்து எப்படியோ உள்ளே போனது. 1-0. அப்படி ஜெயித்து வந்த கிண்ணத்தின் பெயர் டைகர் கிண்ணம், அதாவது ஒரு பீரின் பெயர். அன்று எங்கள் வீட்டில் கத்திக் குதித்தவர்களில், பீர் போத்தலைக் கையால்கூடத் தொடாத என் அத்தையும் உண்டு. சசிகுமார் பிற்பாடு விளையாட்டு விளம்பரத் தொழிலிலேயே இறங்கிவிட்டார் என்பது தனிக்கதை. லிவர்பூல் சட்டையில் 1992 முதல் 2010 வரை கார்ல்ஸ்பெர்க் என்று இருந்தது. அந்தக் காலத்து ரசிகருக்கு அந்த எழுத்தில்லாத சட்டையைக் கொடுத்துப் பாருங்கள், போலி என்பார்.

இந்தச் சேகரிப்புப் பித்தே இனாமில் பிறந்ததுதான். சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையாக ஏன் இருக்க வேண்டும் என்று அதில் ஆட்டக்காரர்களின் படத்தை அச்சடித்தார்கள். அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை அப்படி வந்த பேஸ்பால் அட்டைகளில், ஹோனஸ் வாக்னர் என்பவரின் படத்தைக் கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் அட்டைக்காகப் புகையிலை வாங்குவது பிடிக்காமல் அவரே நிறுத்தச் சொன்னார் என்று ஒரு கதை. தனக்குக் காசு தரவில்லை என்று நிறுத்தச் சொன்னார் என்பது இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படியாக இருக்கிறது, ஆனால் முதலாவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 2022ல் அந்த அட்டைகளில் ஒன்று 72.5 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி ஒன்றை, வில்லி மேஸ் என்ற ஆட்டக்காரரின் முகம் வைத்து, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் குழு 1999 மே மாதம் மைதானத்துக்கு வந்த 35,000 பேருக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு அங்கே பொம்மை கொடுக்காத குழுவே இல்லை என்றாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டுப் பெட்டிகளைத் தங்கமாகப் பார்க்க வேண்டாம். வாக்னர் அட்டைக்கு அந்த விலை வந்ததற்குக் காரணம், அச்சடித்ததே கொஞ்சம், அதிலும் பலதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நம் காலத்தில் இனாம் சாமானைக் கொடுப்பவர்களே ‘சேகரிப்புப் பதிப்பு’ என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். வாங்குகிற ஒவ்வொருவரும் உங்களைப் போலவே பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பார். விலை எங்கிருந்து ஏறும்? பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் உங்கள் கிளாஸைத் தேடிப் பாருங்கள். அதே பெட்டியோடு வரிசையாக நிற்கும்.

சரி, என் கதையைச் சொல்கிறேன்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். 1981ல் மலேசியக் கிண்ண ஆட்டம் ஒன்றுக்கு என்னைக் காலாங் தேசிய அரங்குக்குக் கூட்டிப்போனார். வாசலில் ஒரு பையன் அட்டை விசிறி கொடுத்துக்கொண்டிருந்தான். ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரக் கைப்பிடி, ஒரு பக்கம் குழுப் படம், மறு பக்கம் ஒரு மெத்தைக் கடையின் விளம்பரம். உள்ளே மரப்பலகை இருக்கைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அப்பா கச்சாங் பூத்தே வாங்கினார். விற்றவர் திருநெல்வேலிக்காரர். அப்பாவும் அந்தப் பக்கம்தான் என்பதால் ஒரு கை கூடுதலாகவே போட்டுக் கொடுத்தார். காகிதப் பொட்டலம் எண்ணெயில் ஊறி அடியில் பிய்த்துக்கொண்டது. அப்பா சட்டென்று விசிறியைத் திருப்பித் தட்டாக்கி, அதில் கடலையைக் கொட்டினார். ஆட்டம் முடியும்வரை அந்த விசிறியில்தான் சாப்பிட்டோம். இடையில் நம் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபாண்டி பந்தோடு ஓடியபோது அப்பா எழுந்து நின்றதில் பாதிக் கடலை முன்வரிசைக்காரர் தலையில் விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அந்த விசிறி எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில், நாட்காட்டி ஆணியிலேயே தொங்கியது. கடலை எண்ணெய் சரியாக கோல்கீப்பர் முகத்தில் ஊறி, அந்த இடம் மட்டும் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தால், அவர் முகத்தில் மெத்தைக் கடையின் தொலைபேசி எண் இடவலம் மாறித் தெரியும்.

1997ல் வீடு மாற்றினோம். நான் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் விசிறி இல்லை. பழைய பேப்பரோடு சேர்த்து அப்பாவே கராங்குனிக்குப் போட்டிருந்தார். கேட்டதற்கு, “அதான் எண்ணெயாகிப் பாழாப் போச்சேடா” என்றார். அவரிடம் அதற்கு மேல் என்ன பேச?

நாலு வருஷத்துக்கு முன்னால் கரோசலில் அதே விசிறி வந்தது. 60 வெள்ளி. பேரம்கூடப் பேசவில்லை. பாய லேபார் எம்ஆர்டி டிக்கெட் வாசலில் ஓர் இளைஞர் உறைபோட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அச்சகத்திலிருந்து நேராக வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்து, முதலில் கோல்கீப்பரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷம் எங்கள் சுவரில் தொங்கிய மனுஷர் சிரிக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ ஒருவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் மேசைமேல் வைத்திருந்தேன். அப்புறம் இழுப்பறையில் போட்டேன். இப்போது எந்த இழுப்பறை என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதனால் என் யோசனை, சேகரிக்கிறவர்கள் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கும். அவர்கள் புத்தம் புதியதாக இருப்பதை வை, கறைபட்டதைத் தள்ளு என்பார்கள். நீங்கள் கறைபட்டது, கிழிந்தது, சாயம் போனதையெல்லாம் ஒரு பெட்டியில் போடுங்கள். அந்தப் பெட்டி மட்டும் ஈரறை வீட்டுக்கு வரட்டும். மினுமினுப்பாக இருப்பவை வேறு யார் வீட்டிலும் அப்படியேதான் இருக்கும். அவை போகட்டும்.

முதலில் அந்தக் காகிதத் தொப்பி. கிழிந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1994 டிசம்பர் 17, ஷா ஆலம், மலேசியக் கிண்ண இறுதியாட்டம், பாஹாங்குக்கு எதிராக நாம் 4-0. அப்பாஸ் சாத் மூன்று, ஃபாண்டி ஒன்று. அன்று அங்கே இருந்த தலையில் கிழியாமல் ஒரு தொப்பி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உள்பக்கம் வியர்வை பழுப்புக் கோடாகப் படிந்திருக்கும், பாருங்கள். கிழிந்த இடத்தில் தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை பழுப்பேறிக் காகிதத்தையே தின்றுவிடும். இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவே தட்டையாக வைத்தால் போதும்.

டிக்கெட் துண்டுகள் விஷயத்தில் மகன் பேச்சைக் கேளுங்கள். பழைய அச்சு டிக்கெட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. பிற்பாடு வந்த வழவழப்பான டிக்கெட்டுகளில் மை கிடையாது, சூட்டில் கறுக்கிற தாள் அது. கடை ரசீது மாதிரி வெளுத்துக்கொண்டே போய், ஒரு நாள் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். என்னிடம் அப்படி ஏழெட்டு இருக்கின்றன. எந்த ஆட்டம் என்று நான் சொன்னால்தான் உண்டு. இன்றைக்கே படமெடுத்து, பின்பக்கம் பென்சிலால் தேதியும் எதிரணியும் எழுதி வையுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம், இந்த ஊர்ப் புழுக்கத்தில் எழுத்தைப் பிடித்து இழுத்து ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் சாமான் அடுக்கும் பாம் ஷெல்டர் அறையில் காற்றோட்டமும் கிடையாது. பெட்டிகள் அங்கேயே இத்தனை வருஷம் இருந்ததென்றால் ராமபாணப் பூச்சி ஏற்கெனவே உங்களுக்குப் பங்காளியாகியிருக்கும்.

காற்றடைக்கிற குச்சிகளைப் போட்டுவிடுங்கள். அவற்றைக் கையில் வைத்துத் தட்டிய காலத்திலேயே எனக்குப் பிடிக்காது. பக்கத்து இருக்கைக்காரர் பேசுவதுகூடக் கேட்காது. காலாங்கின் சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. சாவி வளையங்களில் ஒன்றைப் புதுவீட்டுச் சாவிக்குப் போட்டுக்கொண்டு, மீதியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கிளாஸுக்கு வருகிறேன். டீசல் கம்பெனிக் கணக்கில், கிளாஸ் உங்கள் கணக்கில்! இதை அண்ணி ஏன் சொல்லிக் காட்டவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. பெட்டியைப் பிரியுங்கள், அண்ணே. தண்ணீர் குடியுங்கள். கழுவக் கழுவ கொடியும் பந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உரியும். ஒன்றிரண்டு உடையும். உரியாத, உடையாத ஆறு கிளாஸை இன்னும் முப்பது வருஷம் யார் தலையில் கட்டப் போகிறீர்கள்?

கழுத்துத் துண்டு. இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளித் துண்டு கொடுக்கலாம் என்று யோசித்த புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும். உட்லண்ட்ஸ் வெலிங்டன் 1996ல் நம் காற்பந்து லீக்கான எஸ்-லீக் தொடங்கியபோதே இருந்த குழு. 2014 முடிவில் ஹவ்காங் யுனைடெட்டோடு சேர்ந்து, அந்தப் பெயரே போய்விட்டது. செம்பவாங் ரேஞ்சர்ஸ் அதற்குப் பத்து வருஷம் முன்பே போயிற்று. அப்பா அந்தக் குழுவின் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு முறை போயிருக்கிறார், ஆனால் எதையும் வாங்கி வைத்ததில்லை. மலேசிய லீக்கில் ஆடிய நம் லயன்ஸ் XII குழு 2012லிருந்து 2015 வரை நாலே வருஷம். அதன் சட்டையோடு இன்னும் தேக்கா சந்தையில் காலையில் காய்கறி வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன்.

உங்கள் இரண்டு துண்டில் எதைப் போட்டுக்கொண்டு உட்லண்ட்ஸ் அரங்கில் வேர்த்தீர்களோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தபாலில் அனுப்ப வேண்டாம். வீடு மாற்றும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பாலில்லாத தே ஓ டீ வேண்டாம், சூட்டுக்கு அந்த மாதிரி கிளாஸ் விரிசல் விடும். குளிர்ந்த ரோஸ் பால் பண்டுங் போதும்.