பில்ஜ் இன்ஜெக்‌ஷன் வால்வும் ஐந்து லட்சமும்

அன்புள்ள ஐயா,

உங்கள் எஞ்சின் ரூம் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். நான் ஓய்வு பெற்ற தபால்காரன், ஊர் நாகர்கோவில் பக்கம். மகன் மரைன் எஞ்சினியரிங் பி.இ. முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தோம். கேம்பஸுக்கு வந்த கம்பெனிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் எடுத்தன. இப்போது ஒரு ஏஜென்ட், 5 லட்சம் கொடுத்தால் வளைகுடாவில் கப்பல் ஏற்றிவிடுவதாகச் சொல்கிறார். என் மைத்துனரோ, கப்பலே வேண்டாம், எம்.பி.ஏ. ஷிப்பிங் சேர்த்துவிடுங்கள், கரையிலேயே ஏசி ரூமில் வேலை என்கிறார். எதைச் செய்வது? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஐந்து லட்சம். கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் காசு கேட்கக் கூடாது என்பது 2006ஆம் வருடத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. இந்தியாவும் 2015இல் அதில் சேர்ந்தாயிற்று. மெடிக்கல், சிடிசி என்கிற கடலோடி அடையாளப் புத்தகம், பாஸ்போர்ட், இந்தச் செலவுதான் பையனுடையது. விசாகூட அவன் செலவில்லை. இங்கே கப்பலுக்கு ஆள் எடுப்பவர்களுக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங் தரும் ஆர்.பி.எஸ்.எல். என்கிற ஆள் சேர்ப்பு உரிமம் வேண்டும். அந்த எண்ணைச் சொல்லுங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன் என்று ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு போனை எடுக்க மாட்டார். இப்படிப் போய், முதலாளி கைவிட்ட கப்பலில் சம்பளமும் சரியான சாப்பாடும் இல்லாமல் மாதக்கணக்கில் நங்கூரத்தில் கிடந்த பையன்கள் உண்டு. உரிமம் இல்லாத ஆள் வழியாகப் போனால், கப்பலில் வேலை பார்த்த கடல்காலம் தகுதிச் சான்றிதழ் தேர்வுக்கு எடுபடாமலும் போகலாம். பணத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

ஏன் என்று சொல்ல என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

இந்திய ஆட்கள் ஓட்டும் கப்பலில் ஐந்தாவது எஞ்சினியரை பாஞ்ச் சாப், அதாவது ஐந்தாம் ஐயா, என்பார்கள். நான் ஏறியது அப்படித்தான். பெயரில் மட்டும்தான் சாப். முதல் வாரம் என் வேலை லைன் டிரேஸ் செய்வது. ஒரு டார்ச், எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு, ஃப்ளோர் பிளேட்டைத் தூக்கிவிட்டு அடியில் தவழ்ந்து எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைய வேண்டும். மூன்றாம் நாள் செகண்ட் எஞ்சினியர் நோட்டைப் புரட்டிவிட்டு, “பில்ஜ் இன்ஜெக்‌ஷன் வால்வு எங்கே?” என்றார். கல்லூரியில் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். எஞ்சின் ரூமில் வெள்ளம் புகுந்தால், கடலிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும் பெரிய பம்பை எஞ்சின் ரூம் அடியிலிருந்தே இழுக்க வைக்கும் வால்வு அது. கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கண்டுபிடித்தபின் வால்வைத் திருப்பும் தண்டு, ஸ்பிண்டில், சுற்றவில்லை. கிரீஸ் போட்டு, தட்டி, திருப்பி, மறுநாள் மதியம்தான் அசைந்தது.

பிறகு தேர்வு நடத்தும் அரசு அலுவலகமான எம்.எம்.டி.யில் கிளாஸ் ஃபோர் ஆரல்ஸ், அதாவது எஞ்சினியரின் முதல் தகுதிச் சான்றிதழுக்கான வாய்மொழித் தேர்வு. தேர்வு நடத்திய சர்வேயர் கேட்டது அதே வால்வு. புத்தகப் பதிலைச் சொல்ல ஆரம்பித்தேன், அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஸ்பிண்டில் இறுகியிருந்த கதையைச் சொன்னதும் திரும்பி உட்கார்ந்தார். பல வருடம் கழித்து கரை வேலைக்கு வந்து, கம்பெனி கப்பல்களின் பராமரிப்பைக் கவனிக்கும் சூப்பரின்டெண்டெண்டாகப் போனபோதும், எஞ்சின் ரூமில் இறங்கியதும் நான் கை வைத்துச் சுற்றிப் பார்த்தது அந்த வால்வைத்தான்.

மைத்துனர் சொல்லும் ஏசி ரூமுக்கு வழி இப்படித்தான். சூப்பரின்டெண்டெண்ட், கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பின் கிளாஸ் சர்வேயர், டி.ஜி. ஷிப்பிங்கின் எஞ்சினியர் சர்வேயர், மரைன் கல்லூரி ஆசிரியர், விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸுக்காக ஆய்வு செய்கிறவர், இங்கெல்லாம் முதலில் கேட்பது தகுதிச் சான்றிதழைத்தான். அதிலும் பெரும்பாலும் கிளாஸ் ஒன், அதாவது சீஃப் எஞ்சினியருக்கான சான்றிதழ். எம்.பி.ஏ. தப்பில்லை. ஆனால் கடலே பார்க்காமல் அதைப் படித்தால் பி.காம். முடித்துவிட்டு வருகிற பையனோடு ஒரே வரிசையில் நிற்பான். அவன் நான்கு வருடம் படித்ததற்கு அந்த வரிசையில் மதிப்பில்லை. சேர வேண்டுமானால் செகண்ட் எஞ்சினியருக்கான சான்றிதழான கிளாஸ் டூ முடித்துவிட்டுச் சேரட்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? கிளாஸ் ஃபோருக்கு அவனுக்குத் தேவை ஆறு மாதக் கடல்காலம். அது வெளிநாடு போகும் டேங்கராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தூர்வாரும் டிரெட்ஜர், கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் பொருள் கொண்டுபோகும் ஆஃப்ஷோர் சப்ளை கப்பல், கடலோரச் சரக்குக் கப்பல் என்று சம்பளம் குறைந்த இடங்களிலும் கேட்கட்டும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் 750 கிலோவாட்டுக்குக் குறைந்தால் அந்தக் காலம் கணக்கில் வராது. காத்திருக்கும் நாட்களில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் சேர்ந்து பம்ப் பிரிக்கக் கற்றால் இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும். கடற்படை, கடலோரக் காவல் படையின் எஞ்சினியர் பிரிவுகளும் மரைன் பட்டதாரிகளை எடுக்கின்றன. வயது வரம்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

எல்லோரும் கப்பலில்தான் முடிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என் பேட்ச்சில் ஒருவன் ஆறு மாதத்தில் கடல் ஒத்துக்கொள்ளாமல் இறங்கிவிட்டான். இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பாய்லர், சில்லர், ஜெனரேட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. தினமும் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். அவனைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட வருடங்களும் உண்டு.

ஒரு விஷயம் உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் ஏஜென்ட் சொன்னது இருக்கிறது, மைத்துனர் சொன்னது இருக்கிறது. பையன் சொன்னது ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள்.