உட்கார்ந்த நேரமும் உடலின் வயதும்

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் அரை மணி நேரம் தவறாமல் நடக்கிறேன். அதன்பின் இரவு எட்டு மணி வரை நாற்காலிதான். என் தந்தை நாற்பது ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டியவர். 73 வயதிலும் தறிக்குடோனுக்குப் போய் வருகிறார். அவருக்கு முன்பே நான் கிழவனாகிவிடுவேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். உட்கார்ந்தே இருந்தால் உடலுக்கு வயது கூடுமா, டாக்டர்?
— வாசகர், பல்லடம்

பதில்: உங்கள் வீட்டாரின் கேலிக்கு எழுபது ஆண்டுப் பழைய சான்று ஒன்று உண்டு. லண்டன் மாடிப் பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைக் காட்டிலும், நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்டனர். தறிகளுக்கிடையே நடந்து, ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவில் தார் (நூல் சுற்றிய குச்சி) மாற்றி, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த உங்கள் தந்தை அந்த நடத்துநரின் இனம். நீங்கள் ஓட்டுநரின் இனம். ஆனால் அதே குழு 1956இல் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலையின் தொடக்கத்திலேயே பெரிதாக இருந்தது தெரியவந்தது. ஆகவே முழுப் பழியையும் நாற்காலியின் மேல் போட முடியாது.

உடலின் வயது என்பது பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது அன்று. செல்லில் உள்ள குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் டெலோமியர் என்னும் பகுதி, செல் பிரியப் பிரியக் குறுகிக்கொண்டே வருவதால், அதன் நீளத்தை முதுமையின் ஓர் அளவாகக் கொள்கிறார்கள். சான்டியேகோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் ஏறத்தாழ 1,500 முதிய பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, நாற்பது நிமிடத்துக்கும் குறைவாகவே உடலை அசைத்தவர்களின் செல்கள் எட்டு ஆண்டு கூடுதல் முதுமையைக் காட்டின. நாள்தோறும் அரை மணி நேரமாவது உடற்பயிற்சி செய்தவர்களிடம், அதிகம் உட்கார்ந்திருந்தும் அந்தக் குறுக்கம் காணப்படவில்லை. உங்கள் காலை நடை வீண் அன்று என்பதற்கு இது ஆறுதல். எனினும் இது ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வுதான். உட்கார்ந்ததே காரணம் என்று அறுதியிடவில்லை.

அந்த அரை மணியோடு நிறைவடைந்துவிடவும் வேண்டாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்களுக்குக் கூடும் மரண அபாயத்தை ஈடுகட்ட, நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. உடலின் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் உள்ளன; அவை சும்மா கிடக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் எடுத்துக்கொள்வது குறைகிறது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து செக்கிங் மேசை வரை போய் வாருங்கள். தொலைபேசியில் பேசும்போது நில்லுங்கள். மாலையில் இன்னும் அரை மணி நடந்து வாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யுமாறு உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

தந்தையிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது நடையை மட்டும். தறியின் இரைச்சல் காதையும் பஞ்சுத் தூசி நுரையீரலையும் கெடுக்கும். அவருக்கு ஒரு முறை இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: நான் பவர் டேபிள் (மோட்டார் தையல் இயந்திரம்) டெய்லர். நாள் முழுதும் பெடலை மிதிக்கிறேனே, அது உடற்பயிற்சி ஆகாதா?
— வாசகி, அவிநாசி

பதில்: ஆகாதம்மா. பவர் டேபிளில் வேலை செய்வது மோட்டார். உங்கள் பாதம் அதற்குச் சைகை காட்டுகிறது, அவ்வளவே. சென்னிமலைக் குழித்தறியில் மிதிப்பவரின் காலுக்குக் கிடைக்கும் உழைப்பில் சிறு பங்குகூட இதில் இல்லை. டீ இடைவேளையில் இயந்திரத்தின் முன்னேயே அமர்ந்து குடிக்காமல், வாசல் வரை நடந்து போய்க் குடியுங்கள்.