தோக்கியோ கரோக்கேயில் மெலடி பாட, எந்தப் பாட்டில் தொடங்குவது?

தங்கை ஒருவர் கேட்டிருப்பது இது: அலுவலக விருந்து முடிந்ததும் எல்லோரும் கரோக்கேவுக்குக் கிளம்புகிறார்கள். பெண் பாடகியரின் மெதுவான ஜப்பானியப் பாட்டுகள் பிடிக்கும். ஹிரகானா (ஒலியைக் காட்டும் எளிய ஜப்பானிய எழுத்து) வாசிக்கத் தெரியும், காஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) தெரியாது. குரல் கொஞ்சம் கனம். எதைப் பாடலாம்?

எதை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உத்தாதா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ (1999). பல்லவியில் ஆங்கிலம் வருவதால் புதிதாக வருகிறவர்கள் நேராக அதில்தான் கை வைக்கிறார்கள். ஆனால் சரணத்தில் சொற்கள் தாளத்தை விட்டுத் தள்ளித் தள்ளி விழும், பல்லவியில் குரலை மெலிதாக்கி மேலே கொண்டுபோக வேண்டும், கடைசிப் பல்லவியில் சுருதியே அரைச்சுரம் ஏறிவிடும். மிசியாவின் ‘எவ்ரிதிங்’ (2000) அதைவிட மூச்சு கேட்கிற பாட்டு. இரண்டும் அருமையானவை, கொஞ்ச நாள் பழகிய பிறகு எடுங்கள்.

உங்கள் குரலுக்கு என் முதல் தேர்வு நகாஜிமா மியுகியின் ‘இத்தோ’. 1992இல் அவருடைய ஆல்பத்தில் வந்தது. அவர் குரலே கனம் என்பதால் பாட்டு பெரும்பாலும் கீழ், நடு ஸ்தாயிகளில் நடக்கிறது. நெசவில் நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் சேர்வதாக இரண்டு மனிதர்களைப் பாடுகிறது. கல்யாண வீடுகளில் அடிக்கடி கேட்கிற பாட்டு, அதனால் இருபது வயது ஊழியருக்கும் தெரியும், மேலாளருக்கும் தெரியும்.

அடுத்தது கிரோரோவின் ‘மிராய் எ’ (1998). ஒகினாவாவைச் சேர்ந்த இரண்டு பெண்களின் குழு அது. அம்மாவை நினைத்துப் பாடுகிற எளிய சொற்கள். இதே மெட்டுதான் சீன மொழியில் ரெனே லியு பாடிய ‘ஹௌலாய்’. தைவான், சீனத் தோழர்கள் கூட்டத்தில் இருந்தால் தாமாகவே சேர்ந்துகொள்வார்கள். நத்சுகாவா ரிமியின் ‘நதா சோசோ’ (2001) மூன்றாவது. இதில் மெட்டு கடினமில்லை, நீண்ட சுரங்கள்தான் கடினம். வரி முடிவதற்குள் காற்று தீர்ந்துபோகும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எங்கே மூச்சு வாங்குவது என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஹிதோதோ யோவின் ‘ஹனமிசுகி’யையும் (2004) இந்த வரிசையில் வைக்கலாம்.

நகாஷிமா மிகாவின் ‘யுகி நோ ஹனா’ (2003) குளிர்காலத்தில் எல்லோருக்கும் ஆசை காட்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஆரம்பம் மிகக் கீழே, பல்லவி நல்ல உயரம். பல்லவிக்காகச் சுருதியை இறக்கினால் முதல் வரியே தொண்டைக்குள் மறைந்துவிடும். ஒன்றிரண்டு அரைச்சுரத்துக்கு மேல் இறக்க இடமில்லாத பாட்டு.

சுருதி விஷயத்தில் கூச்சமே வேண்டாம். பாட்டு தேர்ந்தெடுக்கும் கைக்கருவியில் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் இருக்கும், ஒரு தட்டுக்கு அரைச்சுரம். பல்லவியை, ஜப்பானியர் ‘சபி’ என்பதை, வீட்டில் ஒருமுறை பாடிப் பாருங்கள். உச்சச் சுரத்தில் கத்த வேண்டியிருந்தால் இரண்டு அல்லது மூன்று தட்டு இறக்குங்கள். ஜப்பானியர்களே இதைச் சகஜமாகச் செய்கிறார்கள். ஆண்கள் இதே பாட்டுகளைப் பாடினால் ஒரு ஸ்தாயி கீழே போகும்போது சரணம் அடியில் சிக்கும், அவர்கள் மூன்று நான்கு தட்டு ஏற்ற வேண்டும்.

பாட்டைத் தேடும்போது பாடகி பெயரை ஹிரகானாவில் அடித்தால் போதும். ஒரே பாட்டு பல பேர் குரலில் வரும், கவனம். ‘நதா சோசோ’வை அதை எழுதிய மோரியாமா ரியோகோவும் மெட்டமைத்த பிகின் குழுவும் தனித்தனியே பாடியிருக்கிறார்கள். சுருதியும் முன்னிசையும் வேறு வேறு. நீங்கள் கேட்டுப் பழகிய பதிவு யாருடையதோ அந்தப் பெயரையே தொடுங்கள்.

திரையில் காஞ்சிக்கு மேல் சின்னதாக ஹிரகானா ஓடும், ஆகவே காஞ்சி தெரியாதது தடையில்லை. வெளிமொழிச் சொற்களை எழுதும் கதகனாவும் கற்றுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சில சொற்களில் நின்றுவிடுவீர்கள். தமிழில் எழுதி வைத்துப் பாடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நடுவில் வரும் ககரமும் தகரமும் நம் வாயில் தானாக மெலியும். ‘கொகொரோ’ என்று எழுதினால் இரண்டாவது க மென்மையாகிவிடும், வலிப்பதற்காக ‘கொக்கொரோ’ என்று எழுதினால் ஒரு மாத்திரை கூடிவிடும். ஜப்பானிய மொழியில் இரண்டுமே பிழை.

மாத்திரை என்றதும் இன்னொன்று. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்ற நம் கணக்கு அங்கேயும் அப்படியே செல்லும். மெய்யெழுத்தில்தான் இடறும். நமக்கு ‘ன்’ அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. மெதுவான பழைய பாட்டுகளில் பெரும்பாலும் அதற்குத் தனிச் சுரமே உண்டு. ‘கித்தோ’ போன்ற சொற்களில் இரட்டிக்கும் இடமும் ஒரு முழு மாத்திரை. நம் பழக்கத்தில் அவசரமாகக் கடந்தால் வரி முன்கூட்டியே முடிந்து, வெறும் இசையில் நிற்பீர்கள். எழுத்துகளின் நிறம் மாறுவதைப் பார்த்துப் பாடத் தொடங்கினாலோ எதிர்த் தவறு, எப்போதும் ஒரு கணம் பின்தங்குவீர்கள். அடுத்த வரியில் கண், காதில் தாளம்.

வயதில் மூத்தவர்கள் இருந்தால் தெரேசா டெங்கின் ‘தொகி நோ நகாரே நி மி ஓ மகாசே’ (1986), மிசோரா ஹிபாரி 1989இல், மறைந்த அதே ஆண்டில், வெளியிட்ட ‘கவா நோ நகாரே நோ யோ நி’ இரண்டும் மனம் குளிரச் செய்யும். கர்நாடக சங்கீதம் படித்தவர் என்றால் எங்கா (பழைய பாணி ஜப்பானிய உருக்கப் பாட்டு) பக்கமும் போய்ப் பாருங்கள். எங்காவின் மேஜர் ஐந்து சுரங்கள் நம் மோகனமேதான். மைனர் என்றால் சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் சுத்த தைவதமாக்கிக்கொள்ளுங்கள். ‘கொபுஷி’ என்கிற அசைவு நம் கமகத்துக்குப் பக்கத்து உறவு, மதிப்பெண் போடும் இயந்திரம் அதைத் தனியாக எண்ணவும் செய்யும். ஆனால் அதற்காக ‘இத்தோ’விலும் ‘மிராய் எ’யிலும் அசைவு சேர்க்காதீர்கள். அவை நேர்ச்சுரத்தில்தான் அழகு.

சந்தர்ப்பம் பார்க்க வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் மெலடி போடக் கூடாது, முதல் சில பாட்டுகள் வேகமானவையாகப் போகட்டும். இரண்டு மெலடியை அடுத்தடுத்துப் பதிவு செய்யாதீர்கள். கல்யாண விருந்துக்குப் பிறகு பிரிவுப் பாட்டு கூடாது. மார்ச் மாத வழியனுப்பு விருந்தில் ‘மிராய் எ’ கச்சிதம்.

போவதற்கு முன் தனியாக ஒத்திகை பாருங்கள். தனியே வருவது இங்கே சாதாரணம், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். வார நாள் பகலில் கட்டணம் குறைவு, வெள்ளி, சனி இரவில் அதிகம். ஆளுக்கு ஒரு பானம் கட்டாயமா என்று முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஐந்து பாட்டுதான் தேறும், அதனால் ஒரே பாட்டை மூன்று முறை எடுங்கள்: முதலில் வழிகாட்டி மெட்டை (பாட வேண்டிய மெட்டைக் கருவியே கூடவே வாசிப்பது) உரக்க வைத்து, பிறகு தணித்து, கடைசியாக அதை நிறுத்தி. எதிரொலியைக் குறையுங்கள், அதிகம் இருந்தால் பிழை காதில் விழாது. நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அறைத் தொலைபேசி ஒலிக்கும். நீட்டிக்க வேண்டாம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், பேசாமல் இருந்தால் கூடுதல் கட்டணம் ஏறலாம்.