தோழி என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்

கேள்வி: கல்லூரி விடுதியில் என்னுடன் தங்கியிருக்கும் இருபது வயதுத் தோழியைச் சில வாரங்களுக்கு முன் சீனியர் மாணவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்திருக்கிறார். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வார்டனிடம் நானே சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவளைக் கேட்காமல் சொல்ல வேண்டாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். உங்கள் தோழியோ வயது வந்தவர், புகார் கொடுப்பதா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். "அங்கே ஏன் போனாய்?" என்ற கேள்வியை மட்டும் நீங்களும் கேட்டுவிடாதீர்கள், ஊரில் அதைக் கேட்க ஏராளமானோர் இருக்கிறார்கள்.

கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அந்த நேரம் கடந்துவிட்டாலும், கர்ப்பப் பரிசோதனைக்கும் தொற்றுப் பரிசோதனைக்கும் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்கும் என்றாலும், வழக்கு வேண்டாம் என்ற தன் விருப்பத்தை அவள் எழுத்தில் பதிவு செய்யலாம். அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்க முடியாது. பாலுறவுப் பழக்கம் உண்டா என்று அறிவதாகச் சொல்லிப் பிறப்புறுப்பில் விரல் செலுத்திப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் தெளிவாகக் கூறியிருக்கிறது.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும், கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் செல்வதானால் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். கல்லூரியின் பெயர் கெட்டுவிடும், சமாதானமாகப் போய்விடலாம் என்று யாராவது பேச வந்தால், பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டாலன்றிச் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்றும், கேட்டாலும் அதற்குப் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

காவல்துறையை நாடினால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அந்த எல்லைக்குள் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இந்தப் பாதுகாப்பு எப்போதும் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த வன்கொடுமை வழக்கில், மாணவியின் விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கையே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்து, அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும், பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழு விசாரிக்கவும் உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

முடிவெடுக்குமுன் யாரிடமாவது பேச விரும்பினால், 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கும், மனநல ஆலோசனைக்கு 14416-க்கும் அவள் அழைக்கலாம். மாவட்டங்களில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தங்குமிடம், சட்ட உதவி, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு வழிசெய்வார்கள்.

அந்தச் சீனியரிடம் நீங்கள் நியாயம் கேட்கப் போக வேண்டாம். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவள் உங்களிடம் சொன்ன நாளையும், சொன்ன சொற்களையும் நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். பின்னர் வழக்கு என்று வந்தால் நீங்களும் ஒரு சாட்சி.