குடியாத்தத்து அப்பாவுக்கு: நிலத்தை விற்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க, குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா கைலித் தறி வைத்திருப்பவர். மகள் பிளஸ் டூ. நீட் மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறவே இல்லை. "மார்க் வராட்டியும் பரவாயில்ல, நிலத்தை வித்து மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேத்துடுன்னு மச்சான் சொல்றார் சார். சி.எம்.சி. இருக்கிற ஊர்ல பொண்ணு டாக்டர் ஆகலேன்னா எப்படி?" என்றார்.

முதலில் ஆறுதலாக ஏதோ சொன்னேன். கணக்கைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டேன். இருப்பது அரை ஏக்கர். விற்றாலும் பாதிக் கட்டணம் தேறாது, மீதி வட்டிக்கு. மச்சான் அதில் ஒரு ரூபாய் போடப் போவதில்லை. வேண்டாம் என்று நேராகவே சொன்னேன்.

பொறியியல், நர்சிங், பார்மசி பற்றி ஊரே சொல்லும், விட்டுவிடுகிறேன்.

அதுவரை அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. என்ன பிடிக்கும் என்றதும் கைப்பேசியில் ஒரு வீடியோவை நீட்டினாள். உயிருள்ள செல்லின் உட்கரு. லேசரால் ஒரு கோடு இழுத்து டிஎன்ஏவை அறுத்ததும், உள்ளெங்கும் பரவியிருந்த, பச்சையாக ஒளிரும் புரதம் அந்தக் கோட்டில் வந்து குவிகிறது. "டிஎன்ஏ இங்கதான் அறுந்திருக்குன்னு அந்தப் புரதத்துக்கு யார் சார் சொன்னா?"

அப்பாவுக்குத் தறியை வைத்தே விளக்கினேன். பாவு நூல் அறுந்தால் கண்ணால் பார்த்து முடிச்சுப் போடுகிறீர்கள். செல்லுக்குள் கண் ஏது? சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ, மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அகலமுள்ள உட்கருவுக்குள் மடிந்து கிடக்கிறது. தினமும் பல்லாயிரம் இடங்களில் பழுதாகிறது. பழுதுபார்க்கும் புரதங்களுக்கு வழிகாட்டி கிடையாது. இலக்கில்லாமல் அலைந்து மோதுகின்றன, சில நொதிகள் இழைமேல் வழுக்கியபடியே தேடுகின்றன. அறுந்த இடத்தில் பார்ப்-1 என்ற புரதம் சில நொடிகளில் ஒட்டிக்கொள்கிறது. ஏடிஎம் என்ற நொதி சுற்றியுள்ள ஹிஸ்டோன்களில், அதாவது டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில், பாஸ்பேட் அடையாளம் வைக்க, அதைப் பிடித்துக்கொண்டு மற்றவை நிமிடங்களில் திரள்கின்றன. திரண்டவையும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவதில்லை. அங்கே ஒளியை லேசரால் அணைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளிச்சம் வருகிறது. பழைய மூலக்கூறுகள் போய்ப் புதியவை வந்திருக்கின்றன. இதை அளப்பதே சில ஆய்வகங்களில் முழுநேர வேலை.

டிஎன்ஏ பழுதுபார்ப்புக்காகத்தான் 2015-ல் லிண்டால், மோட்ரிச், சன்ஜார் மூவருக்கும் வேதியியல் நோபல். பார்ப் புரதத்தை முடக்கும் ஒலாபரிப் என்ற மருந்து 2014-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. நோயாளி கையில் இருக்கும் மாத்திரைக்குப் பின்னால் இவளைப் போலக் கேள்வி கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

நான் சொன்ன வழி, ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பிஎஸ்–எம்எஸ் படிப்பு. காட்பாடியில் ரயில் ஏறினால் திருப்பதியிலேயே ஒன்று இருக்கிறது. நுழைவுத் தேர்வு ஐஏடி: 60 கேள்விகள், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் தலா 15. இவள் கணிதம் இல்லாத பிரிவு. விண்ணப்பிக்கத் தடையில்லை, ஆனால் அந்த 15 கேள்வியை விட்டுக்கொடுக்க முடியாது. நீட்டும் எழுதட்டும், நான் தடுக்கவில்லை. இடம் கிடைக்காவிட்டால் வேலூரிலேயே பிஎஸ்சி உயிர்வேதியியல், அப்புறம் எம்எஸ்சி சேர்க்கைக்கான ஜாம் தேர்வு.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஐந்தாறு வருடம் ஆகும். அப்போது செலவுக்கு உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சிஎஸ்ஐஆர்–யூஜிசி நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரி முதல் அதுதான் தொகை. ஆனால் டாக்டர் என்று பெயர்ப் பலகை மாட்ட அவசரப்படுபவர்களுக்கு இது சரிப்படாது. நடுவில் கல்யாணப் பேச்சை எடுத்துப் படிப்பை நிறுத்துவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: பதினோராம் வகுப்புக் கணிதத்தில் எந்தப் பாடத்தில் தொடங்குவது? கணங்களிலிருந்து என்றேன். புத்தகம் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருக்கிறதாம்.